பதினாலாம் நம்பர் டூப்ளிகேட்

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. ஜின்சனின் கண்ணாடி பறந்து, ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டர் ஆபீஸின் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டே போய் அலமாரிக்கு அடியில் நின்றது. இடது காதுக்குள் ஒரு விசில் ஊதத் தொடங்கியது.

“பாஸ்வேர்டச் சொல்லு” என்றான் பாண்டித்துரை.

“பாஸ்வேர்டு கிடையாது அண்ணாச்சி.”

இரண்டாவது அடி வாயில். பல் உதட்டைக் கிழித்தது.

“சத்தியமா அண்ணாச்சி. அந்த சர்வருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. நான்தான் எடுத்துவிட்டேன்.”

பாண்டித்துரை கதவுப் பக்கம் திரும்பினான். அங்கே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றிருந்தான் ஜீப் டிரைவர் ஜிதின்.

“கேட்டியால? பாஸ்வேர்டே இல்லையாம். அப்ப ரோட்டுல போறவன்லாம் உள்ள போலாம். நீ போய்ப் பாத்துட்டு வாயேன்.”

ஜிதின் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவனும் ஜின்சனும் ஒரே வருஷம் சர்ச்சில் புதுநன்மை வாங்கியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தேவிகுளத்துக்கு மேலே ஏழு கிலோமீட்டரில் இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில் பாதிப் பேர் மாதா கோயிலில் பூசையில் இருந்தார்கள். மீதிப் பேர் கடைக்கு இறங்கியிருந்தார்கள். ஃபேக்டரி ஓடவில்லை. ஆபீஸைச் சுற்றி மூடுபனி. எவ்வளவு கத்தினாலும் முதல் வளைவைத் தாண்டாது. அது பாண்டித்துரைக்குத் தெரியும். இருபது வருஷமாக அவன் இங்கே சூப்பர்வைசர்.

ஜின்சனை இங்கே வரவைப்பது பெரிய காரியமே இல்லை. “ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது, லேப்டாப்ப எடுத்துட்டு வா” என்று ஜிதின் போன் பண்ணினான். கம்ப்யூட்டர் என்று சொன்னால் போதும், ஜின்சன் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடி வருகிற ஆள். அம்மா இருதயம்மாள் பூசைக்குக் கிளம்பும்போது அவன் சட்டைப் பையில் வீட்டுச் சாவியைப் போட்டு, “இது தொலைஞ்சா வேற கிடையாது, பாத்துக்க” என்று சொன்னதைக்கூட அவன் சரியாகக் காதில் வாங்கவில்லை. லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறியிருந்தான். இப்போது அந்தச் சாவியும் போனும் மேஜைமேல் கிடந்தன. ஜிதின்தான் பையைத் துழாவி எடுத்து வைத்தான். இடுப்பைச் சுற்றி, கொழுந்துச் சாக்கு கட்டுகிற கயிற்றால் ஜின்சனை நாற்காலியோடு இறுக்கிக் கட்டியதும் அவன்தான்.

எல்லாம் வியாழக்கிழமையிலிருந்து வந்தது.

வியாழக்கிழமை நடந்ததை எஸ்டேட்டில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். சத்தமாகச் சொன்னது இது: கொழுந்து நிறுக்கிற ஷெட்டுக்குப் பின்னால் உள்ள ஓடையில், தராசில் சாக்கு ஏற்றுகிற பெரியமுத்து வழுக்கி விழுந்தார், மண்டை உடைந்தது, ஜீப்பிலேயே உயிர் போய்விட்டது. மெதுவாகச் சொன்னது இது: முத்தின இலையைப் பறித்தாள் என்று பாண்டித்துரை தராசு முன்னால் வைத்து, கொழுந்து பறிக்கிற ஆனந்தியை அறைந்தான். பெரியமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பாண்டித்துரை செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால் அவர் தலையில் அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடி விழும்போது அவர் ஏற்கெனவே தரையில் இருந்தார்.

தராசுக்கு மேலே கேமரா இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாண்டித்துரை கோடாலியோடு போய், ரெக்கார்டர் பெட்டியையும் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் இருந்த குட்டிக் கம்ப்யூட்டரையும் பொடிப்பொடியாக்கினான். அன்றைக்கே, எல்லோரும் சுடுகாட்டில் இருந்தபோது, பெரியமுத்துவின் வீட்டைத் திறந்து, அதிலும் ஏதாவது படம் இருக்குமோ என்று அவர் போனையும் எடுத்துப் போனான். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தான். சனிக்கிழமை ஜிதின்தான் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: “அண்ணாச்சி, அந்தக் குட்டிப் பெட்டி எதுக்குன்னு நினைக்கீங்க? பத்து நிமிஷத்துக்கு ஒருதடவ வீடியோவ வெளிய அனுப்பிட்டே இருக்கும். ஜின்சன் பெங்களூர்ல எங்கேயோ சர்வர் வெச்சிருக்கான்.”

அந்த சர்வர்தான் ஜின்சனின் பெருமை. ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டரான அவனை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அவனாகச் செய்தான். பாலிடெக்னிக்கில் கூடப் படித்த கற்பகமும் அவனும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. அவள் பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரத்தில் செக்போஸ்ட் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். சர்வரைத் திறந்த முதல் நாளே எங்கெங்கிருந்தோ நாலாயிரம் தடவை யாராரோ பாஸ்வேர்டு போட்டுத் தட்டிப் பார்த்திருந்தார்கள். ஜின்சனுக்கு ரத்தம் கொதித்தது. பாஸ்வேர்டு கேட்கிற வழக்கத்தையே அடைத்துவிட்டான். அதற்குப் பதிலாகச் சாவி. உன் மெஷினில் ஒரு சாவி உண்டாக்குவாய். கூடவே அதற்கான பூட்டும் பிறக்கும். சாவி உன்னிடமே இருக்கும். பூட்டை மட்டும் சர்வரில் இருக்கிற பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் நீ போனால் ஒரு கேள்வியும் இல்லை, நேராக உள்ளே. குட்டிக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஆள் இல்லாமல் தானே போய் வீடியோவை வைத்துவிட்டு வரும்.

இதை அவன் யாரைப் பார்த்தாலும் சொல்வான். வெள்ளிக்கிழமை அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே, “அந்தப் படம் பத்திரமா இருக்கா?” என்று கேட்டபோதும் சொன்னான்.

“பூட்ட யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்மா, சாவியத்தான் குடுக்கக் கூடாது. சாவி இன்னொருத்தன் கையில இருக்குன்னு தெரிஞ்சா அதத் தேடிட்டு அலையப்பிடாது. பூட்ட மாத்திரணும்.”

அம்மா கத்தியை நிறுத்தி அவனைப் பார்த்தாள். “ஓ” என்றாள். மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

நாளைக்குத் திங்கள். காலை பத்து மணிக்குத் தேவிகுளத்தில் விசாரணை. ஆனந்தி சாட்சி மொழி கொடுக்கப் போகிறாள். ஆனால் வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: போனில் பிடித்த நகலைக் காட்டினால் வெட்டி ஒட்டினது என்பார்கள், அது எந்த இடத்தில் எந்த நேரத்தில் போய் விழுந்ததோ அங்கேயே வைத்து, அதிகாரி முன்னால் திறந்து காட்டணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. அந்த வீடியோ இல்லையென்றால், பெரியமுத்து வழுக்கி விழுந்தவர்தான்.

பாண்டித்துரை லேப்டாப்பைத் திறந்து ஜின்சன் மடியில் வைத்தான்.

“பாஸ்வேர்டு இல்லன்ன. சரி. நீ எப்படிப் போவியோ அப்படிப் போ.”

ஜின்சன் மறுக்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து சர்வரின் பெயரை அடித்தான். ஒரு வரி வந்தது. ஜிதின் குனிந்து எழுத்துக்கூட்டினான்.

“பெர்மிஷன் டினைடு. உள்ள விட மாட்டேங்குது அண்ணாச்சி.”

“என்னலே வெளயாடுத?”

“நேத்தே என் வரிய எடுக்கச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. கற்பகம் எடுத்துட்டா. நான் நினைச்சாலும் போக முடியாது.” ரத்தத்தை விழுங்கிக்கொண்டு சொன்னான். “குட்டிக் கம்ப்யூட்டர்ல ஒரு சாவி இருந்துச்சு. அத நீங்கதான் கோடாலியால போட்டீங்க.”

அலமாரிக்குப் பக்கத்தில் பழைய தராசின் அஞ்சு கிலோ படிக்கல் கிடந்தது. கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிற இரும்பு. பாண்டித்துரை அதை ஒரு கையால் தூக்கினான். இன்னொரு கையால் ஜின்சனின் வலது கையை மேஜைமேல் விரித்துப் பிடித்தான்.

“அந்தப் பிள்ளைக்குப் போன் போடு.”

ஜிதின் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். இரண்டாவது மணிக்கே எடுத்தாள்.

“ஏண்டா ஜின்சா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எழுப்பற? நாளைக்கு எத்தன மணிக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“கற்பகம்” என்றான் ஜின்சன்.

“ஏ பிள்ள” என்றான் பாண்டித்துரை. “இவன் வரிய எடுத்தியாமே. அத மறுபடி போடு.”

அந்தப் பக்கம் அவள் எழுந்து உட்காருகிற சத்தம்.

“ஏனுங்க, நீங்க ஆருங்க பேசறது?”

“ஒனக்கு அண்ணன் மாதிரி.”

“எனக்கு அண்ணன் ஊட்டுல தூங்கிட்டு இருக்கறானுங்க. நீங்க ஆருங்க?”

படிக்கல் இறங்கியது. சுண்டுவிரலும் மோதிர விரலும். ஈர விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. ஜின்சனின் அலறல் அதற்குப் பின்னால்தான் வந்தது. உடம்பு முழுவதும் நாற்காலியோடு துள்ளி விழுந்தது. ஜிதின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கேட்டுச்சா?” என்றான் பாண்டித்துரை போனைப் பார்த்து. “இன்னும் எட்டு இருக்கு.”

“ஐயோ, வேண்டாமுங்க! போட்டுட்றனுங்க, இப்பவே போட்டுட்றனுங்க, அவன உட்டுருங்க…”

“போடாத!” ஜின்சன் கத்தினான். தன் குரல் என்றே அவனுக்குத் தெரியவில்லை. “நான் கேட்டாலும் போடக் கூடாதுன்னு சொன்னேன்ல! கட் பண்ணு!”

கற்பகம் அழுவது கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. கட் பண்ணிவிட்டாள். ஜிதின் மறுபடி போட்டான். வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. இன்னொரு தடவை. அதே குரல்.

பாண்டித்துரை படிக்கல்லைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தான். அவசரப்படவில்லை. பீடி ஒன்றைப் பற்றவைத்து, சுவரில் சாய்ந்து, எதிரே பார்த்தான்.

எதிரே சுவரில் பச்சைப் பெயிண்ட் அடித்த பலகை. நாற்பத்தெட்டு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவி, ஒரு தகர வில்லை, வில்லையில் நம்பர். இந்த எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வரிசை வீடு எதற்கும் ஒரே சாவி கிடையாது. ஒன்று குடியிருப்பவன் கையில், இன்னொன்று இந்தப் பலகையில். தீப்பிடித்தால் வேண்டும், ஆள் செத்தால் வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு துரை போட்ட சட்டம். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததே இல்லை. புதுப் பூட்டு வாங்கினால் டூப்ளிகேட்டை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பது, குழந்தை பிறந்தால் பேர் பதிவதுபோல் ஒரு காரியம்.

பாண்டித்துரையின் பீடி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. மெதுவாகத் திரும்பினான்.

“ஜின்சா. நீ எந்த லயத்துல பொறந்த?”

கேட்டுவிட்டு அவனே பதிலும் சொன்னான்.

“நானும் லயத்துல பொறந்தவன்தாம்ல. லயத்துல பொறந்தவன் டூப்ளிகேட் ஆபீஸ்ல வைக்காம சாவி செய்ய மாட்டான். எங்க அது?”

ஜின்சனின் பார்வை ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கம் போய்த் திரும்பியது.

ஏனென்றால் இருந்தது. ஜனவரியில், சர்வரை அமைத்த அன்றைக்கே, யோசிக்காமல், யாரும் கேட்காமல், ஒரு சாவி கூடுதலாக உண்டாக்கினான். அதன் பூட்டைப் பட்டியலில் ‘மஸ்டர்’ என்ற பெயரில் ஒரு வரியாகச் சேர்த்தான். சாவியைப் பென்டிரைவில் கொண்டுவந்து இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் போட்டான். தனக்கு ஏதாவது ஆனால் கிளார்க் திறக்கட்டும் என்று, இரண்டு தடவை தட்டினால் நேரே சர்வருக்குள் போகிற மாதிரி ஒரு படமும் செய்து திரையில் வைத்தான். அதற்கு டூப்ளிகேட் என்றே பெயர் வைத்தான். அப்புறம் மறந்தே போனான். ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. நேற்று கற்பகத்திடம் தன் வரியை எடுக்கச் சொன்னவனுக்கு, இந்த வரி ஞாபகமே வரவில்லை. குட்டிக் கம்ப்யூட்டரின் வரியாக இருக்கும் என்று அவளும் விட்டிருப்பாள்.

“ஆபீஸ் கம்ப்யூட்டரப் போடு” என்றான் பாண்டித்துரை.

ஜிதின் போட்டான். மானிட்டர் கண்ணைத் திறந்தது. திரையில் அவ்வளவு படங்கள் இல்லை. ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தான்.

“மஸ்டர் ரோல்… கொழுந்து எடை… லீவ் லிஸ்ட்…” நிறுத்தினான். “அண்ணாச்சி. டூப்ளிகேட்.”

பாண்டித்துரை வாய்விட்டுச் சிரித்தான். குனிந்து ஜின்சனின் கன்னத்தில் செல்லமாகத் தட்டினான். ரத்தம் அவன் உள்ளங்கையில் ஒட்டியது. “நம்ம பய. நம்ம பயதாம்ல நீ. தட்டுல ஜிதின்.”

ஜிதின் இரண்டு தடவை தட்டினான்.

ஜின்சன் கண்ணை மூடிக்கொண்டான். பெரியமுத்து சாக்கைத் தராசில் வைக்கும்போது கடைசியாக ஒரு கை கொழுந்தை அள்ளி முகர்ந்து பார்ப்பார். அது நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் அது எங்கேயும் இருக்காது.

“என்னது இது? பூராவும் @ குறியா போட்டிருக்கு” என்றான் ஜிதின். “வார்னிங்… பெர்மிஷன்ஸ்… டூ ஓப்பன். அப்படின்னா?”

ஜின்சன் கண்ணைத் திறந்தான். கண்ணாடி இல்லை, ஆனால் அந்தத் திரையின் உருவமே போதும். அந்தச் சாவியைப் பொது ஃபோல்டரில் போட்டிருந்தான், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று. எல்லோர் கண்ணுக்கும் படுகிற சாவியைக் கம்ப்யூட்டர் சாவியாகவே மதிக்காது. எடுத்து உள்ளே போடவே மாட்டேன் என்று நின்றுவிடும். பலகையில் தொங்கவிட்டதாலேயே அது செத்துப்போன சாவி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்த விரல்களோடு, உடைந்த உதட்டோடு, இருமி இருமிச் சிரித்தான்.

“என்னத்துக்குல சிரிக்க?”

“ஓடாது அண்ணாச்சி. அதுவும் ஓடாது.”

முழங்கால் நெஞ்சில் இறங்கியது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவனை ஜிதின் பிடித்து நிமிர்த்தினான். பாண்டித்துரை கவ்வாத்துக் கத்தியை இடுப்பிலிருந்து உருவினான். வியாழக்கிழமைக் கத்தி. கழுவித் தீட்டியிருந்தான்.

“ஓடாததை ஓட வைக்க ஒனக்குத் தெரியும். மூஞ்சியிலேயே எழுதியிருக்கு.”

தெரியும். ஒரே வரி. இந்தச் சாவி இனி ஒருவன் கண்ணுக்கு மட்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிற ஒரு வார்த்தை, அறுநூறு என்ற எண், கோப்பின் பெயர். கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடுகிற வரி.

“தெரியாது” என்றான்.

பாண்டித்துரை அவனை அடிக்கவில்லை. பலகைக்குப் போனான். விரலால் நம்பர்களைத் தடவிக்கொண்டே போய், ஒரு சாவியைக் கழற்றி ஜிதினிடம் தூக்கிப் போட்டான்.

“பதினாலு. இருதயம்மா பூசை முடிஞ்சு வாற நேரம். உள்ள போய் உக்காரு. வந்து கதவச் சாத்தினதும் எனக்குப் போன் போடு. என்ன செய்யணும்னு அப்பச் சொல்லுதேன்.”

“அண்ணாச்சி, அது…” என்றான் ஜிதின்.

“வியாழக்கிழமை ஜீப்ப ஓட்டினது யாரு? பெரியமுத்துக்கு உயிர் இருக்கும்போதே மெதுவாப் போனது யாரு? நான் உள்ள போனா நீயும்தாம்ல.”

ஜிதின் ஜின்சனைப் பார்க்கவில்லை. கத்தியோடு நிற்கிறவனையும் பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பாண்டித்துரை மறுபடி தாழ்ப்பாளைப் போட்டான். படிகளில் அவன் செருப்புச் சத்தம் இறங்கியது. பதினாலாம் நம்பருக்கு ஐந்து நிமிஷம்.

“கையை எடுத்து வை” என்றான் பாண்டித்துரை. கீபோர்டை முன்னால் தள்ளினான்.

“அம்மாவ விட்ருங்க அண்ணாச்சி.”

“நீ எவ்வளவு சீக்கிரம் அடிக்கியோ, அவ்வளவு சீக்கிரம்.”

ஜின்சன் இடது கையை எடுத்து வைத்தான். வலது கை மேஜைமேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் ஊதியிருந்தன. பெரியமுத்து செத்துவிட்டார், அம்மா இருக்கிறாள். இப்படித்தான் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. அழுதுகொண்டே அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு எழுத்தாக. இடது கையால் தேடித் தேடி. வரியின் கடைசி எழுத்தும் வந்தது. இனி என்டர் மட்டும்தான் பாக்கி.

மேஜைமேல் பாண்டித்துரையின் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணாச்சி, சாவி சேரல.”

“எதை எடுத்துட்டுப் போன? பதினாலுதானே?”

“பதினாலுதான் அண்ணாச்சி. பூட்டு புதுசு. பக்கத்து வீட்டுதும் புதுசு. லைன் பூராவும் புதுப் பூட்டா இருக்கு. பூசை வேற சீக்கிரம்…” குரல் நின்றது. தூரத்தில் ஒரு பெண்குரல், பிறகு அது தூரத்தில் இல்லை.

“யாருல அது, என் வீட்டுப் பூட்ட நோண்டுதது?”

அம்மா.

கூட வந்த ஒருத்தியின் குரல் எழுந்தது: “ஏ இருதயம்மா, கற்பகம் போன்ல சொன்னது இவனுங்களத்தான்! ஜின்சன எங்கல வெச்சிருக்கீங்க? ஆனந்தி, அவன் காலப் பிடி!”

அடிக்கிற சத்தம். ஜிதின் கதறுகிற சத்தம். “ஆபீஸ்ல, ஆபீஸ்ல இருக்கான்…” போன் எங்கேயோ கல்லில் விழுந்து அணைந்தது.

ஜின்சன் மேஜையைப் பார்த்தான். காலையில் அம்மா பையில் போட்ட சாவி போனுக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது, அது பளபளவென்று புதுசாக மின்னுவது. சனிக்கிழமை ஆனந்தி கடைக்குப் போய்ச் சாக்கு நிறைய எதையோ தூக்கி வந்ததும், லைனில் எல்லோர் வீட்டிலும் டொக் டொக்கென்று சத்தம் கேட்டதும், இவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பெரியமுத்துவின் வீட்டைப் பாண்டித்துரை எந்தச் சாவியால் திறந்தான் என்று இவன் ஒருவன்தான் யோசிக்கவில்லை. நாற்பத்தெட்டு வீட்டிலும் பூட்டு மாறியிருக்கிறது. ஒரு டூப்ளிகேட்கூட ஆபீஸுக்கு வரவில்லை.

இடது சுண்டுவிரலால் அழிக்கிற பட்டனைத் தொட்டான்.

“ஏய்!” பாண்டித்துரைக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் எழுத்துகள் பின்னால் ஓடுவது தெரிந்தது. “அந்தப் பெரிய பட்டனத்தானே அமுக்கணும்?” கத்தி பிடித்த கையாலேயே என்டரை நோக்கிப் பாய்ந்தான்.

ஜின்சன் அந்த மணிக்கட்டைக் கடித்தான். நாய் கடிப்பதுபோல், தலையை உதறிக் கடித்தான். பாண்டித்துரை அலறிக்கொண்டு இழுத்த வேகத்தில் நாற்காலி, ஜின்சன், கீபோர்டு எல்லாம் பக்கவாட்டில் சரிந்தன. ஜின்சன் இரண்டு காலையும் மடக்கி மேஜைக்கு அடியில் உதைத்தான். பழைய தேக்கு மேஜை. மானிட்டரோடும் இழுப்பறைகளோடும் அது பாண்டித்துரையின் தொடைமேல் கவிழ்ந்தது. அவன் மல்லாக்க விழுந்து பலகையில் தலை இடிக்க, ஆணிகளிலிருந்து சாவிகள் மழை மாதிரிக் கொட்டின.

சி.பி.யூ. ஜின்சனின் முகத்துக்கு நேரே கிடந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு எரிந்தது. கையெட்டும் தூரத்தில் படிக்கல். அதைவிடக் கொஞ்சம் எட்டினால் பாண்டித்துரையின் தலை.

ஜின்சன் இடது கையால் படிக்கல்லைத் தூக்கினான். தரையில் கிடக்கிறவனின் தலையைப் பார்த்தான். பாண்டித்துரையும் அதைப் பார்த்தான். இருவருக்கும் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

படிக்கல் சி.பி.யூ.மேல் இறங்கியது. தகரம் உள்ளே போனது. இரண்டாவது அடியில் விளக்கு அணைந்தது. மூன்றாவதுக்குக் கையைத் தூக்கும்போது முதுகில் ஏதோ சூடாக ஓடியது. பாண்டித்துரை மேஜைக்கு அடியிலிருந்தே கத்தியை வீசியிருந்தான். தோளிலிருந்து விலா வரைக்கும். ஜின்சன் மூன்றாவதையும் போட்டான். உள்ளே இருந்த டிஸ்க் நசுங்கி வெளியே பிதுங்கியது.

அப்புறம் கதவு உடைந்தது. முதலில் உள்ளே வந்தது ஆனந்தி. அவளுக்குப் பின்னால் வந்தவர்களில் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பாண்டித்துரையின் கத்திக் கையை இரண்டு பேர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பிற்பாடு போலீஸ் கேட்டபோது, மேஜை விழுந்ததில் பட்ட காயம் என்று இருபத்திரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஜீப்பில் மலை இறங்கும்போது ஜின்சன் அம்மாவின் மடியில் குப்புறப் படுத்திருந்தான். முதுகில் அவளுடைய பூசைச் சேலையை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

“கற்பகத்துக்குப் போன் போடும்மா.”

“ஆஸ்பத்திரி போய்ப் பேசிக்கலாம் ராசா.”

“இப்பவே போடு.”

போட்டாள். கற்பகம் எடுத்ததும் திட்ட ஆரம்பித்தாள். திட்டு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

“கற்பகம். பட்டியல்ல மஸ்டர்னு ஒரு வரி இருக்கும். எடு.”

“அது ஷெட்டுல இருக்கறதில்லயா?”

“இல்ல. டூப்ளிகேட். நான்தான் ஆபீஸ்ல வெச்சேன்.”

கற்பகம் வெடித்தாள்.

“ஆபீஸ்லயா? ஏண்டா, ஆருகிட்டக் கேட்டு வெச்ச? ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பயே, சாவியக் குடுக்காத, சாவியக் குடுக்காதன்னு. அறிவிருக்குதா உனக்கு?”

“மெஷின உடைச்சுட்டேன். இருந்தாலும் வரி இருக்கக் கூடாது. எடு.”

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. வளைவில் ஜீப் குலுங்கியது. அவன் பல்லைக் கடித்தான்.

“எடுத்துட்டன். ஷெட்டு வரியவும் சேத்து எடுத்துட்டன். இப்ப என்னுது ஒண்ணுதான் இருக்குது. நா பஸ்ஸேறப் போறன், காலைல தேவிகுளத்துல இருப்பன். லேப்டாப்ப மடியிலேயே வெச்சுட்டு வருவன். நீ சாகாம இரு.”

வைத்துவிட்டாள். அம்மா போனை வாங்கி மடியில் செருகினாள்.

“அந்தப் பிள்ள லேப்டாப் வழியில விழுந்து உடைஞ்சா?” என்றாள் பிறகு. “வேற சாவி இருக்கா?”

“இல்லம்மா.”

இருதயம்மாள் வெளியே பார்த்தாள். பனி விலகி ரோடு தெரிந்தது. ஒரு கையால் மகனின் முதுகை அழுத்திக்கொண்டே, இன்னொரு கையால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தேவிகுளத்தில், முழங்கை வரை கட்டோடு ஜின்சனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு கற்பகம் லேப்டாப்பைத் திறந்தாள். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, பாஸ்வேர்டு என்னவென்று பதிவு செய்ய வேண்டுமே என்று கேட்டார்.

“பாஸ்வேர்டு இல்லீங்க சார்” என்றாள் கற்பகம்.

அவர் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் சர்வர் திறந்திருந்தது. வியாழக்கிழமையின் வரிசையில் மூன்று மணிக் கோப்பைத் தொட்டாள். தராசு தெரிந்தது. பெரியமுத்து சாக்கை இறக்கிவைத்து, ஒரு கை கொழுந்தை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

ஆனந்தி எழுந்து நின்றாள்.